என் முதல் ஆல்பத்தை நீக்கிய விநியோக நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

சந்தா வாங்கிக்கொண்டு எங்களைப் போன்றவர்களின் பாட்டைச் செயலிகளில் ஏற்றிவிடுகிறவர்கள் நீங்கள். என் முதல் ஆல்பத்தை எல்லாச் செயலிகளிலிருந்தும் எடுத்துவிட்டீர்கள். எட்டுப் பாட்டு, எழுதியதும் மெட்டுப் போட்டதும் பாடியதும் நான். அதில் ஒரு பாட்டுக்குப் போலி ஸ்ட்ரீம்கள், அதாவது மனிதர் கேட்காமல் இயந்திரம் ஓட்டிக் காட்டும் கணக்கு, வந்திருக்கின்றன என்பது நீங்கள் சொன்ன காரணம். வந்தது உண்மை. அவை போலி என்பதும் உண்மை. அதை உங்களுக்கு முதலில் எழுதிச் சொன்னதே நான்தான். புகார் கொடுத்தவள் மேலேயே குற்றத்தை எழுதிவிட்டு, ‘இந்த முடிவு இறுதியானது’ என்று கதவைச் சாத்திக்கொண்டீர்கள். தனியாக எழுதிப் பயனில்லை என்றான பிறகுதான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

உங்கள் பெயரைப் போடவில்லை. நான் அனுப்பிய ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஒரே பதிலை வெட்டி ஒட்டி அனுப்பியவர்கள் நீங்கள்; படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். இதே தொழிலில் இருக்கும் மற்ற நிறுவனங்களிலும் இதே அனுபவம்தான் என்று சக பாடகர்கள் சொல்கிறார்கள். அந்த நிறுவனத்தாரும் படிக்கட்டும். ஆல்பத்தின் பெயரையும் போடவில்லை. போட்டால் யாராவது தேடுவார்கள், தேடினால் கிடைக்காது.

நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை வெளியிட்டோம். 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புதுப் பாட்டுக்கு வெள்ளிதான் நாள். படம் பார்த்து வளர்ந்த நமக்கு அது ஒன்றும் புதிதில்லை. முதல் சில வாரம் எதிர்பார்த்தபடியே போனது. மதுரை, சென்னை, கோவை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று கேட்டவர்களின் ஊர்கள் திரையில் தெரிந்தன. ஒரு நாளில் நூறு பேர் கேட்டுவிட்டால் அன்று வீட்டில் பாயசம்தான். பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால், நான்காவது பாட்டுக்கு மட்டும் கணக்கு ஆயிரக்கணக்கில் எகிறியிருக்கிறது. ஆரப்பாளையத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு அது. புதிதாகக் கேட்டவர்கள் அத்தனை பேரும் ஐரோப்பாவில் ஒரே ஊரில் இருந்தார்கள்.

ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் எண்கள் விடவில்லை. அத்தனை பேரும் முப்பது விநாடியைத் தாண்டியதும் நிறுத்தியிருந்தார்கள். முப்பது விநாடி ஓடினால் ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கு. அதற்கு மேல் ஒரு வரி கூடக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பாட்டில் முதல் நாற்பது விநாடி வெறும் நாயனம்தான், என் குரல் அதற்குப் பிறகுதான் வரும். ஆக, ஆயிரக்கணக்கான ‘ரசிகர்கள்’ என் குரலைக் கேட்காமலே என் பாட்டைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் கூடப் பாட்டைச் சேமிக்கவில்லை. என் பக்கத்தைப் பின்தொடர்பவர்களில் ஒருத்தர் கூடவில்லை. அடுத்த பாட்டுக்கு யாரும் போகவில்லை.

எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தேன். முகம் தெரியாத ஒரு கணக்கு வைத்திருந்த பிளேலிஸ்ட். எனக்கு முந்தைய ட்ராக் குழந்தையைத் தூங்க வைக்கும் மழைச் சத்தம், அடுத்தது ஸ்பானிய மொழியில் ஒரு ஆட்டப் பாட்டு, நடுவில் நம் ஆரப்பாளையம். இது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். காசு வாங்கிக்கொண்டு ஸ்ட்ரீமை ஏற்றிக் கொடுக்கிறவர்கள், காசு கொடுத்தவனின் பாட்டுகள் மட்டும் தனியாகத் தெரிந்தால் மாட்டிக்கொள்வோம் என்று, காசே கொடுக்காத ஏமாளிகளின் பாட்டுகளையும் அள்ளிப் போட்டு மறைக்கிறார்கள். அன்று ராத்திரியே எல்லாவற்றையும் படம் பிடித்து, பிளேலிஸ்ட்டின் லிங்க்கோடு உங்களுக்கு அனுப்பினேன். ‘இது என் வேலையில்லை, என் பாட்டை இதிலிருந்து எடுக்க ஏற்பாடு செய்யுங்கள்’ என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். டிக்கெட் எண்ணோடு ஒரு தானியங்கிப் பதில் வந்தது. வேலை நாள் மூன்றுக்குள் தொடர்புகொள்வதாகச் சொன்னது. யாரும் தொடர்புகொள்ளவில்லை. அடுத்து உங்களிடமிருந்து வந்தது ஆல்பத்தை நீக்கிவிட்ட செய்திதான்.

அந்த மின்னஞ்சலில் என் பெயர் இல்லை. ‘அன்புள்ள கலைஞருக்கு’ என்று இருந்தது. எந்தப் பாட்டு, எத்தனை ஸ்ட்ரீம், எந்தத் தேதி, ஒன்றும் இல்லை. விவரங்களைப் பகிர முடியாதாம். ராயல்டி நிறுத்தி வைக்கப்படுமாம். செயலி விதித்த அபராதத்தை என் கணக்கில் கழித்துக்கொண்டீர்களாம். நான் அனுப்பிய புகாரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கூட இல்லை. என் வீட்டு வாசலில் ராத்திரியோடு ராத்திரியாக எவனோ குப்பையைக் கொட்டிவிட்டுப் போக, விடிந்ததும் நானே நகராட்சிக்குப் போன் போட்டுச் சொல்ல, அவர்கள் வந்து எனக்கு அபராதம் போட்டு வீட்டையும் பூட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கிறது.

உங்கள் பயம் புரியாமல் இல்லை. பிரான்ஸின் தேசிய இசை மையம் 2023 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு, 2021-இல் அந்த நாட்டில் கேட்கப்பட்ட ஸ்ட்ரீம்களில் 1 முதல் 3 விழுக்காடு போலி என்று சொன்னது. முழுக்கச் செயற்கை நுண்ணறிவில் செய்த பாட்டுகளுக்கு வரும் ஸ்ட்ரீம்களில் 70 விழுக்காடு வரை போலி என்று பாட்டுச் செயலி நடத்தும் டீசர் நிறுவனம் 2025-இல் சொன்னது. ஸ்பாட்டிஃபை 2023 நவம்பரில் அறிவித்து, அடுத்த ஆண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளில் ஒன்று, அப்பட்டமான போலி ஸ்ட்ரீம் கண்டுபிடிக்கப்பட்டால் பாட்டுக்கு இவ்வளவு என்று உங்களைப் போன்ற விநியோகஸ்தர்களிடம் அபராதம் வாங்குவது. எல்லோருக்கும் பொதுவான பணத்திலிருந்துதான் ராயல்டி பிரிகிறது. ஒருவன் திருடினால் என் பங்கும்தான் குறைகிறது. ஆகவே கண்காணியுங்கள், கடுமையாகவே கண்காணியுங்கள். அதில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை.

ஆனால் திருட்டு எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டாமா? அமெரிக்காவில் வட கரோலினாக்காரர் ஒருவர் மேல் 2024 செப்டம்பரில் நியூயார்க்கில் வழக்குப் பதிவானது. செயற்கை நுண்ணறிவில் செய்த லட்சக்கணக்கான பாட்டுகளை ஏற்றி, இயந்திரக் கணக்குகளை விட்டுக் கேட்கச் செய்து, ஒரு கோடி டாலருக்கு மேல் ராயல்டி சுருட்டினார் என்பது குற்றச்சாட்டு. எந்த ஒரு பாட்டின் கணக்கும் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது என்பதற்காகப் பல்லாயிரம் பாட்டுகளில் பரப்பிக் கேட்க வைத்தார் என்றும் குற்றப்பத்திரிகை சொல்கிறது. திட்டம் போட்டுச் செய்கிறவன் அப்படித்தான் செய்வான். என் கணக்கில் நடந்தது நேர் எதிர். ஒரே பாட்டு, ஒரே ஊர், ஒரே பிளேலிஸ்ட். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் தெரிகிற மாதிரி.

இன்னொன்றும் யோசியுங்கள். ஸ்பாட்டிஃபையின் அதே அறிவிப்பில் வேறொரு விதியும் வந்தது: முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது. என் எட்டுப் பாட்டில் பாதிக்கு மேல் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கின்றன. நான் காசு கொடுத்து ஸ்ட்ரீம் வாங்குகிற ஆளாக இருந்தால் முதலில் அவற்றைத்தானே தூக்கிவிட்டிருப்பேன்? ஏற்கெனவே கோட்டைத் தாண்டி ஓரளவு ஓடிக்கொண்டிருந்த பாட்டுக்கு எதற்கு இந்த வேலை? இதைக் கேட்க உங்கள் அலுவலகத்தில் ஒரு மனிதர் ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் போதும்.

விற்பனைக்கு ஆள் வராமல் இல்லை. பாட்டு வெளியான மறுநாளே இன்ஸ்டாகிராமில் வரிசை கட்டிவிட்டார்கள். ‘சிஸ்டர், சூப்பர் சாங், ரெண்டாயிரம் ரூபாய்க்குப் பத்தாயிரம் ஸ்ட்ரீம், கியாரண்டி’. நம் ஊரில் கேட்கும் பாட்டுக்கு வருகிற ராயல்டியை வைத்துப் பார்த்தால் கட்டின காசே திரும்பாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எல்லோரையும் தடை செய்தேன், அந்தச் செய்திகளையும் படம் பிடித்து உங்களுக்கு இணைத்திருந்தேன். திறந்து பார்த்தீர்களா என்று கூட எனக்குத் தெரிய வழியில்லை.

இந்த ஆல்பம் எப்படி உருவானது என்பதையும் நீங்கள் கொஞ்சம் கேட்டாக வேண்டும். ஏனென்றால் உங்கள் திரையில் அது ஒரு பொத்தானை அழுத்தினால் மறைகிற வரி.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுத்து வருகிற பணத்தில் வாழ்கிறவள் நான். செலவுக்குச் சீட்டைத் தள்ளி எடுத்தேன்; இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். நான்காவது பாட்டுக்கு நாயனம் வேண்டும் என்று முதலிலேயே தோன்றிவிட்டது. கம்ப்யூட்டரில் இருக்கும் நாயனச் சத்தத்தை வைத்து ஒப்பேற்றலாம் என்றார்கள், மனசு ஒப்பவில்லை. திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வித்வான் வந்தார். கோயிலிலும் கல்யாணத்திலும் வாசித்தே அறுபதைத் தாண்டியவர். பெட்ரூமில் மெத்தையைச் சுவரில் சாய்த்து நான் குரல் பதிவு செய்கிற இடத்தில் நாயனம் வாசித்தால் மைக் தாங்காது, பக்கத்து வீட்டுக்காரரும் தாங்கமாட்டார். ஆடி மாதம் முகூர்த்தம் இல்லாததால் எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபம் சும்மா கிடந்தது. மண்டபக்காரர் கரண்டுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். அதே ஆடியில்தான் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் கூழும் மைக்செட்டும். அந்தக் குழாய்கள் ஓய்ந்த பிறகு, நள்ளிரவு தாண்டித்தான் பந்தி நடக்கும் கூடத்தில் மைக்கை வைக்க முடிந்தது.

அவருடைய நாயனத்தின் சுருதி இரண்டு கட்டை. நான் பாடுவது ஐந்து கட்டையில். எப்படிச் சேரும் என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது அவர் நாயனத்தின் ஊதும் முனையான சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டே, ‘என் மத்திமத்த உன் சட்ஜமா வச்சுக்க பாப்பா, தானா சேரும்’ என்றார். அவருடைய ‘ம’வை என் ‘ச’வாக வைத்துக்கொண்டேன்; அப்படித்தான் சேர்ந்தது. மைக்கைப் பத்தடி தள்ளி வைத்து, ஃபேனையெல்லாம் நிறுத்தி, வேர்த்து விறுவிறுத்து அவர் வாசித்த அந்த நாற்பது விநாடியைத்தான் உங்கள் இயந்திரம் ‘போலி’ என்று முத்திரை குத்திக் குப்பையில் போட்டது.

நீக்கிய பிறகு அவர் போன் செய்தார். பேரன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் காட்டப் போயிருக்கிறான், பாட்டு வரவில்லை. ‘ஏம்மா, பணம் கட்டாம விட்டுட்டியா? எவ்வளவுன்னு சொல்லு, நான் தர்றேன்’ என்றார். அவருக்கு நான் பேசியிருந்தது முன்பணம் கொஞ்சமும் ராயல்டியில் பங்கும். இத்தனை வருஷம் வாசித்தவரின் பெயர் ஒரு பாட்டின் விவரத்தில் அச்சானது இதுவே முதல் தடவை. ‘இல்லைங்கய்யா, எவனோ பண்ணின திருட்டுக்கு நம்ம பாட்ட எடுத்துட்டாங்க’ என்று சொன்னதை அவர் புரிந்துகொண்டாரா என்று எனக்குச் சந்தேகம்தான். என் சித்தி மகன் அந்த அளவுக்குக் கூடக் காத்திருக்கவில்லை. ‘காசு குடுத்து ஏத்துனியாமே?’ என்று கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்டான்.

இழந்தது என்ன என்று உங்கள் பதில்களில் எங்கேயும் யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கச்சேரி முடிந்து விற்பதற்காக ஒவ்வொரு பாட்டின் வரிகளையும் அட்டையில் அச்சடித்து, பின்னால் க்யூஆர் கோடு போட்டிருந்தோம். இப்போது ஸ்கேன் செய்தால் வெறும் பக்கம்தான் வருகிறது. தஞ்சாவூரில் ஒரு புத்தகக் கடையில் பாடி முடித்த கையோடு ஒரு கல்லூரிப் பெண் என் முன்னாலேயே அட்டையை வாங்கி ஸ்கேன் செய்து பார்த்து, தன் போனில்தான் கோளாறு என்று நினைத்து அதை அணைத்துப் போட்டாள். அவளிடம் காசைத் திருப்பிக் கொடுத்தேன். எங்கள் பாட்டைப் பின்னணியில் வைத்து ரீல்ஸ் போட்டவர்களின் காணொளிகள் ஊமையாகிவிட்டன. சேமித்து வைத்திருந்தவர்களின் பட்டியலில் பாட்டின் பெயர் சாம்பல் நிறத்தில் நிற்கிறது. ஒரு கலை விழாவுக்கு விண்ணப்பிக்க லிங்க் கேட்டார்கள், கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

கேசட் காலத்தில் ஆடியோ கம்பெனிக்காரர்கள் புது ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று என் குருநாதர் சொல்வார். கொடுமைதான். ஆனால் விற்றுப்போன கேசட்டை வீடு புகுந்து யாரும் பிடுங்கிக்கொண்டு போனதில்லை.

ஒப்பந்தத்தில் ‘எங்கள் விருப்பப்படி எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம்’ என்று எழுதியிருக்கிறது, நீ ஒப்புக்கொண்டுதானே பெட்டியை டிக் செய்தாய் என்பீர்கள். சரி. ஆண்டுச் சந்தா வாங்கிக்கொண்டு இந்தியாவில் சேவை விற்கிறவர்களுக்கு வேறு சில கடமைகளும் இருக்கின்றன. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், 2020-இன்படி குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் தெரிய வேண்டும்; புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்தியாவில் அலுவலகம் இல்லாமல் இங்கே இருக்கிறவர்களுக்கு விற்கிறவர்களுக்கும் அந்த விதிகள் பொருந்தும். உங்கள் தளத்தில் எவ்வளவு தேடியும் அப்படி ஒரு பெயர் என் கண்ணில் படவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்லும் பொம்மைதான் இருக்கிறது. அதற்கும் தமிழ் தெரியாது.

நான் கேட்பது இவைதான்.

ஆல்பத்தை முழுமையாகத் திரும்ப ஏற்றுங்கள், ஒவ்வொரு பாட்டுக்கும் உரிய அடையாள எண்ணான அதே ஐஎஸ்ஆர்சி எண்களோடு, ஆல்பத்துக்கு உரிய எண்ணான அதே யுபிசியோடு. புதிதாக வேறு எண்ணில் ஏற்றிக்கொள் என்று உங்கள் பதில் சொன்ன யோசனை எனக்கு வேண்டாம். அப்படி ஏற்றினால் இதுவரை உண்மையாகக் கேட்டவர்களின் கணக்கும், வெளியே இருக்கும் லிங்க்குகளும் போய்விடும். அச்சடித்த அட்டைகளையும் எடைக்குத்தான் போட வேண்டும்.

எந்தத் தேதியில், எந்தப் பிளேலிஸ்ட் வழியாக, எத்தனை ஸ்ட்ரீம் போலி என்று முடிவு செய்தீர்கள் என்ற விவரத்தை எனக்குத் தாருங்கள். நான் அனுப்பிய புகார் உங்களுக்குக் கிடைத்த தேதியையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.

என் கணக்கில் கழித்த அபராதத்தைத் திருப்பிப் போடுங்கள். அந்தப் போலி ஸ்ட்ரீம்களுக்கான ராயல்டியில் எனக்கு ஒரு பைசா வேண்டாம், அது என்னுடையதில்லை. மற்றதை விடுவியுங்கள். மொத்தமும் சேர்த்து நாலு பேர் ஹோட்டலில் டிபன் சாப்பிடக் காணாத தொகைதான். ஆனாலும் அதில் நாயனக்காரரின் பங்கு இருக்கிறது. தவறு என் பக்கம் இல்லை என்று உங்கள் நிறுவனத்தின் தாளில் ஒரு கடிதமும் வேண்டும். அதை அவருக்கும், எங்கள் சித்தி மகனுக்கும் காட்ட வேண்டியிருக்கிறது.

அப்புறம், எனக்குப் பின்னால் முதல் ஆல்பம் போட வருகிற பிள்ளைகளுக்காக: நீக்குவதற்கு முன்னால் குறைந்தது இரண்டு வாரம் அவகாசம் கொடுத்து, குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் கேளுங்கள். ஒரு பாட்டில் சந்தேகம் என்றால் அந்தப் பாட்டை மட்டும் நிறுத்தி வையுங்கள், ஆல்பத்தையே தூக்காதீர்கள். கலைஞர் தானே முன்வந்து புகார் கொடுத்திருந்தால் அதைச் செயலிக்கு அனுப்பி வையுங்கள், அபராதம் கேட்கும்போது அதையே பதிலாகக் காட்டுங்கள். குறைதீர் அலுவலர் யார் என்று பெயரோடும் போன் எண்ணோடும் தளத்தின் முதல் பக்கத்தில் போடுங்கள். தமிழில் எழுதினாலும் படித்துப் பதில் சொல்ல ஒரு ஆளை வையுங்கள். தமிழ்ப் பாட்டுக்குச் சந்தா வாங்கும்போது மொழி உங்களுக்கு ஒரு தடையாக இருக்கவில்லையே.

இந்த மடல் வெளியான நாளிலிருந்து ஒரு மாதம் பார்ப்பேன். அதற்குள் ஆல்பம் திரும்ப வரவில்லை, ஒரு மனிதரிடமிருந்து பதிலும் வரவில்லை என்றால், மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போடுவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், உங்கள் ஊருக்கு வர வேண்டியதில்லை. என் டிக்கெட் எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் உங்களிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
நீங்கள் நீக்கிய எட்டுப் பாட்டை எழுதிப் பாடியவள்,
மதுரை